அடுப்புச் சாம்பல் கண்ணாடியாகும்... கண்ணாடி கல்லாகும்!

கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு. சமையலறை மேடையில் இண்டக்ஷன் அடுப்பு. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதைச் சிற்றூர்களில் இன்றும் பார்க்கலாம். காலையில் கொல்லை அடுப்பிலிருந்து அள்ளும் சாம்பல் கத்தரிச் செடிக்கோ குப்பைமேட்டுக்கோ போகும். இண்டக்ஷன் அடுப்பின் கறுப்புப் பலகையை மட்டும் கீறல் விழாமல் ஈரத்துணியால் துடைத்து வைப்பார்கள்.

அந்தக் கறுப்புப் பலகைக்கும் இந்தச் சாம்பலுக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. பலகை வெறும் கண்ணாடி அல்ல, பீங்கானும் அல்ல. கண்ணாடியாகப் பிறந்து, பாதி வழியில் கல்லாக மாறிய பொருள். 'கிளாஸ் செராமிக்' என்று பெயர். கண்ணாடிப் பீங்கான் என்று சொல்லலாம். அடுப்புப் பலகைக்கு லித்தியம் கலந்த தனிக் கலவை வேண்டும். ஆனால் அதே வழியில், சாம்பலையும் மணலையும் உருக்கி, தரை ஓடாகவும் சுவர்ப் பலகையாகவும் பயன்படக்கூடிய கண்ணாடிப் பீங்கானைச் செய்ய முடியும். ஆய்வுக்கூடங்களில் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

குப்பைக்குப் போகும் சாம்பல் கல்லாகிறது என்றால் நல்ல செய்திதானே? பாதிதான் நல்ல செய்தி. மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால், சாம்பல் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தீயால் தொட முடியாத பங்கு

மரம் தன் எடையில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் சேர்த்துக்கொள்கிறது. எரியும்போது அந்தப் பங்கு கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் வந்த வழியே போய்விடுகிறது. வேர் மண்ணிலிருந்து உறிஞ்சிய தாதுக்கள் மட்டும் எரியாது. அடுப்பில் மிஞ்சும் சாம்பல் அதுதான்.

அது மிகக் கொஞ்சம். பட்டை நீக்கிய சுத்தமான மரத்தை 100 கிலோ எரித்தால், மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. பட்டையை மட்டும் எரித்தால் அதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். சாம்பலில் பெரும்பாலும் அதிகம் இருப்பது சுண்ணாம்பு. அடுத்து பொட்டாஷ், மக்னீசியம், பாஸ்பரஸ், மணலின் சத்தான சிலிக்கா, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மாங்கனீசு.

பொட்டாசியம் என்ற பெயரே சாம்பலிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் 'பாட்' என்றால் பானை. 'ஆஷ்' என்றால் சாம்பல். சாம்பலைக் கரைத்து, அந்தத் தண்ணீரைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்கு 'பாட்டாஷ்' என்று பெயர். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது வேண்டியிருந்தது. அமெரிக்க அரசு கொடுத்த முதல் காப்புரிமையே பாட்டாஷ் தயாரிக்கும் முறைக்குத்தான். 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவர் அதைப் பெற்றார். 1807-ல் ஹம்ஃப்ரி டேவி பாட்டாஷிலிருந்து புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தபோது அதற்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார்.

பாகு பூத்துப்போனால்...

கண்ணாடிக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம்? சமையலறைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்.

சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, சட்டென்று ஆறவிட்டால் ஊடுருவிப் பார்க்கக்கூடிய மிட்டாய் கிடைக்கும். உள்ளே சர்க்கரையின் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல், நின்ற இடத்தில் நின்றபடி உறைந்திருக்கும். கண்ணாடியும் அப்படித்தான். மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் உருகிய குழம்பு, வரிசையில் அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் உறைந்துவிட்ட நிலை அது.

அதே பாகை மெதுவாக விட்டுவைத்தால் கற்கண்டு. மூலக்கூறுகள் நிதானமாக வரிசைகட்டிப் படிகமாகின்றன. குலாப் ஜாமூன் பாகு மறுநாள் பூத்துப்போவதும் இதே வேலைதான். கற்கண்டு செய்கிறவர்கள் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். முதல் படிகம் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே! அந்த இடம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்து சேரும்.

கண்ணாடித் தொழிலில் பல நூறு ஆண்டுகளாகப் படிகம் என்பது பகைவன். கண்ணாடி நடுவே வெள்ளையாகப் பூத்துவிட்டால் அந்தத் துண்டைக் குப்பையில் போடுவார்கள். பிரான்சின் ரெயோமூர் என்ற அறிஞர் 1739-ல் கண்ணாடிக் குப்பிகளை மணலிலும் ஜிப்சத்திலும் புதைத்து நெடுநேரம் சூடாக்கி, பீங்கான் போன்ற ஒன்றைச் செய்துகாட்டினார். ஆனால் படிகங்களின் வளர்ச்சி அவர் சொன்னபடி கேட்கவில்லை. பொருள் பலமில்லாமல் போனது. அந்த முயற்சி அப்படியே நின்றது.

கீழே விழுந்தும் உடையாத தட்டு

இரண்டு நூற்றாண்டு கழித்து, 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் துண்டை உலையில் வைத்தார். 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும் என்பது திட்டம். உலையின் கட்டுப்பாடு கோளாறாகி, சூடு 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி உலையே பாழாகியிருக்கும் என்று நினைத்துத் திறந்தவருக்கு ஆச்சரியம். கண்ணாடி உருகவில்லை, பால் போல வெளுத்திருந்தது. இடுக்கியால் எடுக்கும்போது கைநழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை!

அந்தக் கண்ணாடிக்குள் மிகச் சிறிய வெள்ளித் துகள்கள் இருந்தன. கற்கண்டுக்கு நூல் போல, அவைதான் படிகங்களுக்கு இடம் கொடுத்தவை. ஒரு பெரிய படிகத்துக்குப் பதிலாகக் கோடிக்கணக்கான நுண்படிகங்கள் ஒரே நேரத்தில் முளைத்து, கண்ணாடி முழுவதும் நெருக்கமாக நிரம்பிவிட்டன. சாதாரணக் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் தடையில்லாமல் ஓடும். இதில் ஒவ்வொரு படிகமும் குறுக்கே நின்று அந்த விரிசலின் வழியை மாற்றிவிடும். அதனால்தான் பலம்.

ஸ்டூக்கியின் கண்டுபிடிப்பிலிருந்து வந்த கார்னிங்வேர் பாத்திரங்கள் 1958-ல் கடைக்கு வந்தன. பெரிய தொலைநோக்கிகளின் ஆடிகள், அடுப்பின் மேற்பலகை, பல் மருத்துவர் மாட்டும் கிரவுன் என்று இந்தக் குடும்பம் பிறகு பெருகியது. 2020-ல் வந்த ஐபோன் 12-ன் முன்பக்கத் திரையிலும் இப்படி நுண்படிகம் கலந்த கண்ணாடிதான். ஸ்டூக்கி 2014-ல் தன் 99-வது வயதில் காலமானார்.

கழிவிலிருந்து இதைச் செய்யும் யோசனையும் புதிதல்ல. சோவியத் ஒன்றியத்தில் 1960-களிலேயே இரும்பாலைக் கசடை உருக்கி, 'ஸ்லாக் சிட்டால்' என்ற பெயரில் ஓடுகளையும் பலகைகளையும் தொழிற்சாலை அளவில் தயாரித்தார்கள். கசடில் சுண்ணாம்பும் சிலிக்காவும் உண்டு. மரச் சாம்பலிலும் இவை இரண்டும் உண்டு. அப்படியானால் சாம்பலிலிருந்தும் செய்யலாமே என்று கேட்பது நியாயம்தான்.

சாம்பலிலிருந்து ஓடு வரை

வேலை நடக்கும் விதம் இது.

முதலில் சாம்பலைச் சலிக்கிறார்கள். அரைகுறையாக எரிந்த கரித்துண்டு இருந்தால் உருகும்போது வாயுவாகிக் குமிழி விடும். அடுத்து, எந்தத் தாது எவ்வளவு என்று எக்ஸ் கதிர் கருவியால் அளக்கிறார்கள். இதைத் தவிர்க்கவே முடியாது. ஏனென்றால் பைன் மரச் சாம்பலும் வேல மரச் சாம்பலும் ஒன்றல்ல. ஒரே மரத்தின் பட்டையும் தண்டும்கூட ஒன்றல்ல. மரத்தோடு ஒட்டிவந்த மண்ணின் அளவு மாறினாலும் கணக்கு மாறும்.

பிறகு கலவை. மரச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், சிலிக்கா குறைவு. தனியாக உருக்கினால் நல்ல கண்ணாடி வராது. அதனால் மணலோ, களிமண்ணோ, உடைந்த பாட்டில் கண்ணாடியோ சேர்க்கிறார்கள். பாட்டில் கண்ணாடியில் சுமார் 70 சதவிகிதம் சிலிக்கா. அதில் இருக்கும் சோடா, கலவை சீக்கிரம் உருகவும் உதவும். ஆக, இரண்டு குப்பைகள் ஒன்றுக்கொன்று துணை!

கலவையைச் சுமார் 1,300 முதல் 1,450 டிகிரி வரை சூடாக்கி உருக்குகிறார்கள். தங்கநிறத் தேன் போன்ற குழம்பைத் தண்ணீரில் ஊற்றியதும் படபடவென்று பொடிந்து கண்ணாடிக் குருணையாகிறது. அதை மாவாக அரைத்து, அச்சில் அழுத்தி, மறுபடியும் உலையில் வைக்கிறார்கள். இந்த முறை சூடு 850 முதல் 1,000 டிகிரி வரைதான். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அதே வேளையில், அவற்றின் மேற்பரப்பிலிருந்து படிகங்கள் முளைக்கின்றன. சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்ந்த வோலாஸ்டோனைட், மக்னீசியமும் சேர்ந்தால் டயாப்சைடு. இரண்டும் மலைப்பாறைகளில் இயற்கையாகவே கிடைக்கும் தாதுக்கள்தான். சாம்பலில் இருக்கும் பாஸ்பரஸ், கற்கண்டின் நூல் போலப் படிகம் முளைக்க உதவுவதும் உண்டு.

வெளியே வருவது ஒரு கல். அடர்த்தியானது, தண்ணீர் உறிஞ்சாதது, சாதாரணக் கண்ணாடியைவிட உறுதியானது. ஜப்பானின் நிப்பான் எலெக்ட்ரிக் கிளாஸ் நிறுவனம் வோலாஸ்டோனைட் படிகம் கொண்ட கண்ணாடிப் பீங்கானைச் சலவைக்கல்லுக்கு மாற்றாகக் கட்டடச் சுவர்களுக்குச் செய்திருக்கிறது. அது சாம்பலிலிருந்து செய்ததல்ல. ஆனால் இந்தப் படிகம் சுவரில் நின்று வெயிலும் மழையும் தாங்கும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு சாட்சி மனித உடம்புக்குள் இருக்கிறது. 1982-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தடாஷி கொகுபோவின் குழு, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடிப் பீங்கானை உருவாக்கியது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு சிகிச்சைகளில் அது பயன்பட்டது. அதன் முக்கியச் சரக்குகள் சுண்ணாம்பு, சிலிக்கா, பாஸ்பரஸ், மக்னீசியம். மருத்துவத்துக்காகச் சுத்தமான ரசாயனங்களிலிருந்து செய்த பொருள் அது. ஆனால் பட்டியலைப் பார்த்தால் நான்குமே அடுப்புச் சாம்பலில் இருப்பவை!

ஒரு நகரம், ஒரு காடு, ஒரு கண்ணாடி நாடு

இவ்வளவு சிரமம் யாருக்குத் தேவை? விறகை மலைமலையாக எரிக்கும் ஊர்களுக்கு.

ஸ்வீடனின் தெற்கே வெக்ஷோ என்று ஒரு நகரம். குளிர்காலத்தில் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக அடுப்பு மூட்டுவதில்லை. ஊருக்குப் பொதுவான பெரிய உலையில் மரத்துண்டுகளை எரித்து, வெந்நீரைக் குழாய்வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். பெட்ரோலிய எண்ணெயை நம்பியிருந்த அந்த நகரம் 1980-ல் விறகுக்கு மாறியது. பின்லாந்து, ஆஸ்திரியா, லாட்வியா என்று காடு மிகுந்த நாடுகள் பலவற்றிலும் இப்படிப்பட்ட உலைகள் உண்டு. 100 கிலோவுக்கு ஒரு கிலோ சாம்பல் என்பது வீட்டில் ஒரு முறம். அத்தகைய உலையில் அது லாரி லாரியாகச் சேரும்.

வெக்ஷோவைச் சுற்றிய பகுதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஸ்வீடனின் 'கண்ணாடி நாடு' அதுதான். 1742-ல் தொடங்கிய கோஸ்டா கண்ணாடிப் பட்டறை அங்கேதான் இருக்கிறது. பட்டறையைத் தொடங்கிய கோஸ்குல், ஸ்டால் என்ற இரண்டு படைத் தளபதிகளின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'கோஸ்டா' என்று வைத்தார்கள். உலைக்கு விறகு வேண்டும் என்பதால்தான் கண்ணாடித் தொழில் காட்டுக்குள் குடியேறியது.

உண்மையில் ஐரோப்பாவில் மரச் சாம்பலும் கண்ணாடியும் ஆயிரம் ஆண்டுத் தோழர்கள். ரோமானியர் காலத்தில் கண்ணாடிக்கு வேண்டிய காரம் எகிப்தின் உப்பு ஏரிகளிலிருந்து வந்தது. அந்த வரத்து குறைந்தபோது, வட ஐரோப்பியர்கள் காட்டு மரச் சாம்பலுக்கு மாறினார்கள். 12-ம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிவைத்த செய்முறை எளிது: பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. சரக்கில் இருந்த இரும்பினால் பச்சை ஓடிய அந்தக் கண்ணாடிக்கு 'காட்டுக் கண்ணாடி' என்றே பெயர். தேவாலயங்களின் வண்ண ஜன்னல்கள் பலவும் சாம்பலிலிருந்து பிறந்தவைதான்.

கெட்ட சாம்பல் என்று ஒன்று

இப்போது சிக்கலுக்கு வருவோம். எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல.

பெரிய உலைகளில் இரண்டு வகைச் சாம்பல் கிடைக்கிறது. உலையின் அடியில் தங்குவது ஒன்று. புகையோடு மேலே பறந்து, வடிகட்டியில் சிக்கும் நைசான சாம்பல் இன்னொன்று. மரம் மண்ணிலிருந்து துளித்துளியாக உறிஞ்சிய காட்மியம், துத்தநாகம், ஈயம் போன்றவை உலைச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது இந்தப் பறக்கும் சாம்பலில் வந்து படிந்துவிடும். மரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தது, இங்கே கெட்டியாகச் சேர்ந்துவிடுகிறது.

எரிப்பது பழைய கட்டட மரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரத்தில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் இருக்கலாம். அந்தச் சாம்பலைக் குழிதோண்டிப் புதைத்தால் மழை நீர் அதில் இறங்கும். நிலத்தடி நீருக்குப் போகும்.

கண்ணாடிப் பீங்கானின் உண்மையான பயன் இங்கேதான். உருக்கும்போது இந்த உலோகங்களில் பெரும்பாலானவை கண்ணாடியின் வலைப்பின்னலுக்குள்ளோ படிகத்துக்குள்ளோ போய் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் அவற்றை எளிதில் தொட முடியாது. சில உலோகங்கள் உருக்கும் சூட்டில் மறுபடி ஆவியாகக்கூடும் என்பதால் உலையின் புகைபோக்கியிலும் நல்ல வடிகட்டி வேண்டும்.

பழைய ஜன்னல்கள் சொல்லும் எச்சரிக்கை

உருக்கிவிட்டால் போதும், விஷம் பூட்டப்பட்டுவிடும் என்று நினைத்தால் அதுவும் தவறு. அந்தத் தேவாலய ஜன்னல்களே அதற்குச் சாட்சி. சாம்பல் கண்ணாடியில் பொட்டாஷும் சுண்ணாம்பும் மிகுதி, சிலிக்கா குறைவு. நூற்றாண்டுகளாக மழையும் ஈரமும் பட்டு, அந்தக் கண்ணாடியிலிருந்து பொட்டாசியம் கசிந்து, மேலே வெள்ளை படர்ந்து, பள்ளம் பள்ளமாக அரித்துவிட்டது. அதே காலத்தில் சோடா சேர்த்துச் செய்த ஜன்னல்கள் இவ்வளவு கெடவில்லை. சாம்பல் ஜன்னல்களைக் காப்பாற்றத்தான் இன்று பல இடங்களில் அவற்றுக்கு வெளியே இன்னொரு கண்ணாடியைப் பொருத்திவைக்கிறார்கள்.

ஸ்வீடனின் கண்ணாடி நாட்டிலும் ஒரு கசப்பான பாடம் உண்டு. பளபளப்புக்காகவும் நிறத்துக்காகவும் ஈயமும் ஆர்சனிக்கும் காட்மியமும் சேர்த்துத் தொழில் செய்தார்கள். பட்டறைகளைச் சுற்றிக் கொட்டிய சரக்குக் கழிவும் கண்ணாடித் துண்டுகளும் மண்ணைக் கெடுத்துவிட்டன. அந்த இடங்களைச் சுத்தம் செய்வது இன்றுவரை பெரிய வேலையாக இருக்கிறது.

அதனால் சாம்பல் ஓட்டை 'பத்திரமானது' என்று சொல்லிவிட முடியாது; சோதித்துக் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் ஒரு வழக்கமான சோதனை உண்டு. பொருளைப் பொடித்து, ஒரு கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் போட்டு, 24 மணி நேரம் குலுக்கி, தண்ணீரில் என்ன இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். கலவையில் சிலிக்கா போதுமா, படிகம் வளர்ந்தபின் மிஞ்சியிருக்கும் கண்ணாடி வலுவாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். படிகங்கள் நல்ல சிலிக்காவையெல்லாம் எடுத்துக்கொண்டு, மிச்சக் கண்ணாடியை மெலியவிட்டுவிட்டால், ஓடு கைக்கு உறுதியாக இருந்தாலும் தண்ணீரில் தோற்றுவிடும்.

லாபமா, நஷ்டமா?

அடுத்தது செலவு. பெரிய நவீன கண்ணாடி உலைகளிலேயே ஒரு டன் கண்ணாடியை உருக்கத் தேவையான வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் 1,000 யூனிட்டுக்குக் குறையாது. அதற்குமேல் இரண்டாவது முறை சூடாக்கும் செலவு. குப்பையைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு எரிபொருளை எரித்துத் தள்ளினால், அதுவே இன்னொரு குப்பை.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. சாம்பலில் இருக்கும் சுண்ணாம்பும் பொட்டாஷும் பாஸ்பரஸும் காட்டு மண்ணுக்குச் சொந்தமானவை. மரத்தை வெட்டி எடுத்துப்போவதால் மண் இளைக்கிறது. சாம்பலை ஓடாக்கிச் சுவரில் பதித்துவிட்டால் அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பவே திரும்பாது. பாஸ்பரஸ் பூமியில் வெட்டியெடுக்க வேண்டிய பொருள். வேண்டுமளவு காய்ச்சிக்கொள்ள முடியாது.

அதனால்தான் ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் நல்ல சாம்பலைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்படியே தூவுவதில்லை. தண்ணீர் தெளித்துக் கெட்டியாக்கி, குருணையாக்கித் தூவினால் மெதுவாகக் கரையும். பாசியும் சிறு செடியும் வெந்துபோகாது. ஸ்வீடனின் வனத்துறைப் பரிந்துரைப்படி, பத்து ஆண்டுகளில் ஒரு ஹெக்டேருக்கு 3 டன்னுக்கு மேல் போடக் கூடாது.

ஆக, விடை இப்படி வருகிறது. சுத்தமான சாம்பலுக்கு மண்தான் வீடு. மண்ணுக்குக் கொடுக்கக் கூடாத சாம்பலைத்தான் கல்லாக்க வேண்டும். எல்லாச் சாம்பலையும் ஓடாக்குவது வீண். கெட்ட சாம்பலைக் குழியில் புதைத்து மறப்பது ஆபத்து. இரண்டுக்கும் நடுவே, எது நல்லது எது கெட்டது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதுவும் உலையடியிலேயே. அடிச்சாம்பலையும் பறக்கும் சாம்பலையும் ஒரே லாரியில் கலந்துவிட்டால், நல்லதும் கெட்டுப்போகும்.

தமிழ்நாட்டுச் சாம்பல்

தமிழ்நாட்டிலும் விறகுக் கொதிகலன் வைத்த ஆலைகள் உண்டு. சீமைக் கருவேல மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களும் இயங்கியிருக்கின்றன. அரிசி ஆலைகளில் உமியை எரிக்கிறார்கள். உமிச் சாம்பல் மரச் சாம்பலுக்கு நேர் எதிர்: உமியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவிகிதம் சிலிக்காதான். மரச் சாம்பலில் சுண்ணாம்பு, உமிச் சாம்பலில் சிலிக்கா! கண்ணாடிக் கலவைக்கு மணல் அள்ளத் தேவையில்லாமல், ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்.

சாம்பல் கண்ணாடியாவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குப் புதுச்சேரி ஓர் இடம். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டப் பட்டறையும், அவர்களிடம் பயின்றவர்களும், விறகு உலையில் சுட்ட பாண்டங்களை இந்தப் பக்கம் பிரபலமாக்கினார்கள். அத்தகைய உலையில் சூடு 1,200 டிகிரியைத் தாண்டும்போது, தீயோடு பறக்கும் சாம்பல் பாண்டத்தின் மேல் படிந்து, களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு உருகி, தானாகவே பச்சையும் பழுப்புமாக மினுமினுப்பாகிவிடும். சீனாவில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குயவர்கள் இதைப் பார்த்துத்தான் சாம்பல் பூச்சைக் கற்றுக்கொண்டார்கள்.

வீட்டுச் சாம்பலை என்ன செய்யலாம்?

கொல்லை அடுப்பின் சாம்பலை யாரும் 1,400 டிகிரியில் உருக்கப்போவதில்லை. ஆனால் உலைக்காரர்களின் விதி வீட்டுக்கும் பொருந்தும்: முதலில் பிரித்துப் பாருங்கள்.

* பெயின்ட் அடித்த கதவு, பிளைவுட், பழைய ஃபர்னிச்சர், பிளாஸ்டிக் எரித்த சாம்பலைச் செடிக்கும் போடாதீர்கள், பாத்திரமும் தேய்க்காதீர்கள். முடிந்தவரை அவற்றை அடுப்பிலேயே வைக்காதீர்கள்.

* சுத்தமான விறகுச் சாம்பலைச் சலித்து, செடிக்கு ஒரு கைப்பிடி போதும். சாம்பல் காரமானது. ஏற்கெனவே உவராக இருக்கும் மண்ணுக்கும், இட்லிப்பூ போலப் புளிப்பு மண் கேட்கும் செடிக்கும் வேண்டாம்.

* யூரியா போட்ட கையோடு சாம்பல் போடக் கூடாது. தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

* அலுமினியப் பாத்திரத்தைச் சாம்பலால் தேய்த்தால் காரம் பட்டுக் கறுத்து அரிக்கும்.

* ஈரச் சாம்பல் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

* அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள். மேலே ஆறியிருந்தாலும், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர டப்பாதான் பத்திரம்.

நாளைக் காலை அடுப்பைச் சுத்தம் செய்யும்போது, முறத்தில் இருக்கும் சாம்பல் எந்த விறகினுடையது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வேம்பும் புளியும் வேலமும் என்றால் கத்தரிச் செடி காத்திருக்கிறது. பழைய பெயின்ட் ஜன்னல் சட்டம் என்றால், அது செடிக்குப் போகக் கூடாத சாம்பல்.